ஓடுவதற்கு முன் மூன்று வேலை

சிவகாசியில் எங்கள் டிரைவிங் ஸ்கூலுக்கு வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: எத்தனை நாளில் பழகலாம்? பாண்டிலட்சுமி அதைக் கேட்கவில்லை. புரட்டாசி முதல் வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உள்ளே வந்து உட்கார்ந்தவள், வாசலில் நின்ற வெள்ளைக் காரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"டீச்சர், வண்டி ஓடிக்கிட்டு இருக்கையில கதவத் தொறந்தா தொறக்குமா?"

"தொறக்கும். எதுக்கு?"

"சும்மா கேட்டேன்."

நாற்பத்து மூன்று வயது, தாயில்பட்டி. பட்டாசு ஆலையில் காகிதக் குழாய்க்குள் வெடிமருந்து செலுத்துகிற அறையில் பத்தொன்பது வருஷ வேலை. வீட்டுக்காரர் கோட்டைச்சாமிக்கு மூன்று ஏக்கர் காட்டில் மக்காச்சோளம். நான் யாஸ்மின், முப்பத்தொரு வயது. இந்த ஸ்கூலை ஆரம்பித்தது என்னைப் பெற்ற அத்தா அசன் முகம்மது. அவருக்கு முட்டி வலி வந்த பிறகு வண்டியில் பக்கத்து சீட்டு எனக்கு வந்தது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும். ஊரே சொல்லும், நானும் மறுக்க மாட்டேன்.

எங்களிடம் வருவதற்கு முன் இரண்டு ஸ்கூல் பார்த்துவிட்டு வந்திருந்தாள். முதல் இடத்தில், "நீங்க வரவே வேணாம்மா, டெஸ்ட் அன்னைக்கு மட்டும் வந்தாப் போதும்" என்றார்களாம்.

"வராமலே லைசென்ஸ் வாங்குனா வண்டிய யாரு ஓட்டுறது? அந்த ஸ்கூல்காரரா?" என்றாள்.

இரண்டாவது இடத்தில் பழக்குகிறவர் ஸ்டியரிங்கில் வைத்த கையை எடுக்கவே இல்லை. மூன்றாவதாக என்னைப் பார்த்திருக்கிறாள், பஸ் ஸ்டாண்டு பக்கம். கண்ணாடி பார்க்காமல் வண்டியைத் திருப்பிய ஒரு பையனை நான் நடுரோட்டில் வைத்து வாங்கு வாங்கு என்று வாங்கிக்கொண்டிருந்தேன்.

"திட்டுறவுக கவனமாப் பாக்குறாகன்னு அர்த்தம். எங்க போர்மேனும் இப்பிடித்தான் கத்துவாரு. அதான் வந்துட்டேன்."

பாராட்டா, குத்தலா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் மனசுக்குள் கொஞ்சம் குளிர்ந்துபோனது, பொய் சொல்வானேன்.

திட்டத்தையும் அவளே போட்டுக்கொண்டு வந்திருந்தாள். இடுப்பில் செருகியிருந்த பையில் இருந்து மாதக் காலண்டர் தாள் மூன்றை எடுத்து மேஜையில் விரித்தாள். தீபாவளிக்கு முந்தின வாரம் ஆலையை அடைத்தால் கார்த்திகை முதல் வாரம்தான் பூஜை போட்டுத் திறப்பார்கள். சீசன் நேரத்தில் லீவு என்ற பேச்சுக்கே இடம் இல்லை. ஆக அவளுக்குக் கிடைப்பது அந்த ஒரு மாதம். எல்.எல்.ஆர். போட்டு முப்பது நாள் கழிந்தால்தான் டெஸ்ட் என்பதை யாரிடமோ கேட்டு வைத்திருக்கிறாள். அதனால் எல்.எல்.ஆர். இப்போதே, வகுப்பு தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் முதல், ஆலை திறப்பதற்கு ஒரு வாரம் முன்னால் டெஸ்ட். இத்தனை வருஷத்தில் இவ்வளவு ஒழுங்காகக் கணக்குப் போட்டு ஒருவர் வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் தாளில் அங்கங்கே சிவப்பு மையால் பெருக்கல் குறி இருந்தது.

"இது என்னக்கா?"

"இது சந்திராஷ்டமம். இது கரிநாள். அன்னைக்கு வேணாம். மத்த நாள்ல ராகுகாலம் தள்ளிக் குடுங்க."

"ஏன், ராகுகாலத்துல பிரேக் பிடிக்காதா?"

"வண்டிக்குப் பிடிக்கும் டீச்சர். எனக்குத்தான் கை நடுங்கும்."

காலை ஏழு மணி, திங்கள் மட்டும் ஆறு மணி என்று குறித்துக் கொடுத்தேன்.

ஏன் இந்த அவசரம் என்று கேட்டதற்கு விவரம் சொன்னாள். அவர்கள் ஆலைக்குக் காகிதக் குழாய் சுற்றிக் கொடுப்பது சுற்று வட்டாரத்து வீடுகள்தான். அந்தக் குழாய்க் கட்டுகளை வீடு வீடாகப் போய் எடுத்து வர ஆலையில் ஒரு குட்டியானை லோடு வண்டி இருக்கிறது. அதை ஓட்டுகிற அய்யாதுரை, மகன் வீட்டோடு கோயம்புத்தூர் போகிறார். அந்த வேலை தனக்கு வேண்டும் என்று இவள் மேனேஜரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். அவர் சிரித்துவிட்டு, "தொறப்பு அன்னைக்கு லைசென்ஸ் கையில இருந்தா சாவி ஒனக்கு. இல்லன்னா வெம்பக்கோட்டைல ஒரு ஆளு ரெடியா இருக்கான்" என்று சொல்லிவிட்டார். மருந்து அறையை விட்டு வெளியே வர யாருக்குத்தான் ஆசை இருக்காது என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் சொன்னபடி வந்தாள். வந்தவள் காரில் ஏறாமல், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குனிந்து உள்ளங்கையைத் தரையில் அழுத்தினாள்.

"என்னக்கா, வண்டியக் கும்புடுறீகளா?"

"இல்ல டீச்சர். ஒடம்புல இருக்குற கரண்டு எறங்கணும்ல. எங்க மருந்து செட்டு வாசல்ல செம்புத் தகடு அடிச்சிருப்பாக, அதத் தொட்டுட்டுத்தான் உள்ள போவோம், இல்லன்னா மருந்து பத்திக்கிரும். இங்கன தகடு இல்லையே."

செருப்பைப் போட்டுக்கொண்டு ஏறும்படி ஒரு சத்தம் போட்டேன். மறுநாளும் தரையைத் தொட்டாள். அதற்கு மறுநாளும் தொட்டாள். சரி, தொட்டுத் தொலையட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் கை இருக்கிறதே, அப்படி ஒரு கையை நான் பார்த்ததில்லை. பத்தொன்பது வருஷம் மருந்தைத் தொட்ட கைக்கு அவசரம் என்றால் என்னவென்றே தெரியவில்லை. கிளட்சைத் தூங்குகிற பிள்ளையின் மேல் இருந்து போர்வையை எடுப்பதுபோல விட்டாள். மற்றவர்கள் முதல் வாரம் முழுக்க வண்டியைத் தவளை மாதிரித் தத்த விடுவார்கள். இவள் நான்காம் நாளே ரிவர்ஸ் எடுத்தாள். எனக்குத் திட்டுவதற்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. நாக்கு நமநமவென்று இருந்தது.

ஒன்பதாம் நாள் ஆமத்தூர் போகிற பக்கம் ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். ரயில் போய்க் கேட் திறந்தது. முன்னால் ஒரு லாரி, எங்களுக்கு வலது பக்கத்தில் ஓர் ஆள் இடைவெளி விட்டு இன்னொன்று. பாண்டிலட்சுமி முதல் கியர் போட்டு, வண்டி மெல்ல நகர்ந்தது. அந்த நேரம் பக்கத்து லாரிக்காரன் பிரேக்கை விட்டான். புஸ்ஸ்ஸ் என்று காற்று வெளியே வந்தது.

அவ்வளவுதான். பெல்ட்டை எப்போது கழற்றினாள், கதவை எப்போது திறந்தாள், எனக்கு இன்று வரை தெரியாது. திரும்பிப் பார்த்தால் டிரைவர் சீட்டில் ஆள் இல்லை. லாரிக்குப் பின்பக்கமாகப் புகுந்து ரோட்டைத் தாண்டி, பருத்திக் காட்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறாள், ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல். டிரைவர் இல்லாத கார் முன்னால் நின்ற லாரியை நோக்கி உருள்கிறது. என் பக்கம் இருந்த பிரேக்கை மிதித்தேன். ஒரு முழ இடைவெளியில் நின்றது.

பின்னால் இருந்த அத்தனை வண்டியும் ஹாரன். காரை ஓரம் கட்டிவிட்டு இறங்கிப் போனேன். வரப்பில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். நான் பேசியதை எல்லாம் இங்கே எழுத முடியாது. கடைசியாகச் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

"என்னைய உள்ள விட்டுட்டு ஓடிட்டீகளே! கூட ஒருத்தி இருக்காளேன்னு ஒரு நெனப்பு வேணாமா? நான் மனுசி இல்லையா?"

மற்றதற்கெல்லாம் தலையைக் குனிந்து நின்றவள், இதைக் கேட்டதும் வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கூப்பிட்டேன், வரவில்லை. எழுந்து ரோட்டுக்குப் போய், வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

மறுநாள் வரவில்லை. காலண்டர் தாளில் அது பெருக்கல் குறி போட்ட நாளும் இல்லை. அடுத்த நாளும் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. போன் போட்டால் எடுக்கவில்லை. டெஸ்ட்டுக்கு எட்டு நாள் இருந்தது.

"ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டுத்தான்மா" என்றார் அத்தா, டீயை ஆற்றிக்கொண்டே. "போய்ப் பாத்துட்டு வா."

"ஓடுனது அவுக, அத்தா. நான் ஏன் போகணும்?"

"ஓடுனவ அவ. வெரட்டுனவ நீ."

எனக்கு வந்த கோபத்தில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேராகத் தாயில்பட்டிக்கே போய்விட்டேன். கோட்டைச்சாமி வாசலில் மக்காச்சோளம் காயப்போட்டுக்கொண்டிருந்தார். "வாங்க டீச்சரம்மா, உள்ளதான் இருக்கா. மூணு நாளா சரியாச் சாப்புடல" என்றார். பாண்டிலட்சுமி என்னைப் பார்த்ததும் எழுந்து, தண்ணீர் கொடுத்து, எதிரில் தரையில் உட்கார்ந்தாள். அவளாகச் சொன்னாள்.

"நானும் மூக்கம்மாளும் ஒரே செட்டு டீச்சர். எதிர எதிர உக்காந்து மருந்து செலுத்துவோம். ஒம்பது வருசத்துக்கு முந்தி ஒரு நாளு, புஸ்ஸுன்னு ஒரு சத்தம். எங்களுக்குப் படிச்சுப் படிச்சுச் சொல்லிக் குடுத்திருக்கிறது அது ஒண்ணுதான். சத்தம் கேட்டா போட்டது போட்டபடி ஓடு, திரும்பிப் பாக்காத. நான் ஓடிட்டேன். எனக்கு ஒரு கீறல் இல்ல. அவளுக்கு ரெண்டு காலும் வெந்துபோச்சு. மூணு மாசம் ஆசுபத்திரி. கைய நீட்டுனா எட்டுற தூரம் டீச்சர். ஒரு இழுப்பு இழுத்திருக்கலாம்."

"இப்ப எங்க இருக்காக?"

"மூணு தெரு தள்ளி. நடக்க முடியாது, ஊணிக்கிட்டு ரெண்டு எட்டு வைப்பா. வீட்ல குழாய் சுத்துறா. ஒம்பது வருசமா அவ மொகத்துல நான் முழிக்கல."

சொல்லிவிட்டு என் டம்ளரில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாள்.

"அந்த லோடு வண்டி வேலைக்கு என்ன அவசரம்னு கேட்டீகள்ல? குழாய் எடுக்குற வீட்டுல அவ வீடும் ஒண்ணு. சும்மா போகலாம்னு எத்தனையோ நாளு கெளம்பியிருக்கேன். தெரு முக்குல கால் நின்னுருது. வேலன்னு ஆயிட்டா, நின்னாலும் போய்த்தான ஆகணும்? கதவத் தட்டித்தான ஆகணும்?"

நான் வரப்பில் வைத்துக் கேட்ட கேள்வி அவளை எங்கே குத்தியிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. எவளிடமும் நான் மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் இல்லை. எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை. தண்ணீரைக் குடித்து முடித்தேன்.

"அக்கா, ஓட வேணாம்னு நான் சொல்லல. ஒங்க ஒடம்பு ஓடத்தான் செய்யும். ஓடுங்க. ஆனா மூணு வேல முடிச்சிட்டு ஓடுங்க. பிரேக்கு, ஹேண்ட் பிரேக்கு, சாவி. இந்த மூணும் ஆச்சுன்னா அப்பறம் நீங்க மதுரை வரைக்கும் ஓடுனாலும் நான் கேக்க மாட்டேன்."

முதல் தடவையாகச் சிரித்தாள். "நாளைக்கு ஏழு மணிக்கு வாரேன்."

அன்றிலிருந்து வேறு மாதிரிப் பாடம். பின் சீட்டில் அத்தாவை ஏற்றிக்கொண்டேன். அவருக்கு வேலை, தோன்றுகிற நேரத்தில் வாயால் புஸ் என்று சத்தம் விடுவது. மேல்வரிசைப் பல் செட்டைக் கழற்றிவிட்டால் சத்தம் இன்னும் அருமையாக வருகிறது என்று அவரே கண்டுபிடித்தார். எழுபது வயதில் மனுஷனுக்கு இப்படி ஒரு சந்தோஷம். திருத்தங்கல் ரோட்டில் புஸ், சந்தைக்குப் போகிற வழியில் புஸ், மழை பெய்துகொண்டிருக்கும்போது புஸ். முதல் நாள் பிரேக்கை மட்டும் மிதித்துவிட்டு இறங்கி ஓடினாள். இரண்டாம் நாள் ஹேண்ட் பிரேக் போட்டாள், சாவியை மறந்தாள். நான்காம் நாள் மூன்றும் ஆனது. அதற்குப் பிறகும் இறங்கத்தான் செய்தாள். இறங்கிப் பத்தடி தள்ளி நின்று, சாவியை ஆட்டிக் காட்டுவாள். வண்டி ஆணி அடித்த மாதிரி நிற்கும். ரோட்டில் போகிறவர்கள் எங்களைப் பைத்தியங்கள் என்று நினைத்திருப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

டெஸ்ட் நாள். எங்கள் வெள்ளைக் கார்தான். ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் கையில் ஃபைலோடு பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். நாங்கள் எல்லாம் தகரக் கொட்டகை நிழலில் நின்றோம். பாண்டிலட்சுமி தரையைத் தொட்டுவிட்டு ஏறினாள். மைதானத்தை ஒரு சுற்று, கியர் மாற்றம், சிக்னல், எல்லாம் பிசிறு இல்லாமல் போனது. இரண்டாவது சுற்றில், மேடேறுகிற இடத்தில், எங்கள் கிழட்டுக் காரின் ரேடியேட்டர் குழாய் வெடித்தது. புஸ்ஸ்ஸ் என்று பானெட் முழுக்க வெள்ளை ஆவி.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அத்தா என் தோளைத் தட்டி, "பாரு, பாரு" என்றார்.

பார்த்தேன். வண்டி நின்றிருந்தது. அவள் இறங்கினாள். ஆனால் தள்ளிப் போகவில்லை. பின்பக்கமாகச் சுற்றி அந்தப் பக்கம் ஓடினாள். இன்ஸ்பெக்டர் பக்கத்துக் கதவைத் திறந்தாள், பெல்ட்டைக் கழற்றினாள், அவர் மணிக்கட்டைப் பிடித்தாள், இழுத்துக்கொண்டு ஓடினாள். ஆறடி மனுஷன். ஃபைல் ஒரு பக்கம், ஒற்றைச் செருப்பு ஒரு பக்கம். இருபது எட்டுக்கு அப்பால் கொண்டுபோய்த்தான் நிறுத்தினாள். மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நான் தலையில் கை வைத்துக்கொண்டு ஓடினேன்.

"என்னம்மா இது? அது வெறும் தண்ணி ஆவி!" இன்ஸ்பெக்டர் முகம் சிவந்திருந்தது.

"தெரியல சார். சத்தம் வந்துச்சு."

"சத்தம் வந்தா? ஆளை இப்படியா இழுப்பாங்க?"

"உள்ள நீங்க இருந்தீக சார்."

அவர் அவளைப் பார்த்தார். "எந்த ஊரு?"

"தாயில்பட்டி."

"வேலை?"

"மருந்து செட்டு. பத்தொம்பது வருசம்."

இந்தப் பக்கத்தில் வேலை பார்க்கிற அதிகாரிக்கு அதற்கு மேல் விளக்கம் தேவை இல்லை. ஒற்றைச் செருப்போடு காருக்குப் போய் உள்ளே குனிந்து பார்த்தார். ஹேண்ட் பிரேக் மேலே இருந்தது. சாவி அவள் இடது கையில். வலது கையில் இன்னும் அவருடைய மணிக்கட்டுதான். அவர் போன இடமெல்லாம் அவளும் கூடவே போயிருக்கிறாள்.

"கைய விடுங்கம்மா. நான் வெளியதான் இருக்கேன்."

அப்புறம்தான் விட்டாள். மீதி டெஸ்ட்டை வேறு ஸ்கூல் காரில் போடச் சொன்னார். ரிவர்ஸ் எடுத்துக் காட்டினாள். கையெழுத்துப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டு, வண்டியை ஒழுங்காக சர்வீஸ் விடும்படி ஒரு பாட்டம் திட்டினார். வாழ்க்கையில் முதல் தடவையாக, வாயைத் திறக்காமல் ஒருத்தர் திட்டுவதைக் கேட்டுக்கொண்டேன்.

கார்த்திகையில் ஆலை திறந்தார்கள். மேனேஜர் சொன்ன சொல் தவறவில்லை. அய்யாதுரை இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து குட்டியானையின் கியரைப் பழக்கிவிட்டார். மூன்றாம் நாள் அவளுக்குத் தனி லோடு. முந்தின நாள் சாயங்காலமே எனக்குப் போன் வந்தது.

"டீச்சர், நாளைக்கு ஒரு நாளு மட்டும் கூட வாரீகளா?"

"வண்டி ஓட்டவா பயம்?"

"வண்டிக்கு இல்ல."

போனேன். எட்டு வீடு முடித்தோம். குழாய்க் கட்டுகள் பின்னால் ஏறிக்கொண்டே இருந்தன. ஒன்பதாவது வீட்டுத் தெரு முக்கில் வண்டி நின்றது. ஒரு நிமிஷம் கழித்து அவளே கியரைப் போட்டாள்.

கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே மூக்கம்மாள் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து குழாய் சுற்றிக்கொண்டிருந்தாள். பாண்டிலட்சுமி வாசலில் நின்றாள். மூக்கம்மாள் நிமிர்ந்து பார்த்தாள், பசைக் கையைத் துணியில் துடைத்தாள்.

"வாடி. மூணு தெருவத் தாண்ட ஒம்பது வருசமாச்சோ ஒனக்கு?"

"ஒன்னைய விட்டுட்டு ஓடிட்டேன்டி" என்றாள் பாண்டிலட்சுமி. அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

"அடி கூறுகெட்டவளே" என்றாள் மூக்கம்மாள். "நீ ஓடுனதப் பாத்துத்தானடி நான் எந்திரிச்சேன். கண்ணு தெரியல, ஒரே பொகை. கதவு எந்தப் பக்கம்னே தெரியல. ஒன் மஞ்சச் சேல ஒண்ணுதான் தெரிஞ்சது. அது போன தெசைக்கு விழுந்தடிச்சு வந்தேன். காலோட போச்சு. நீ எனக்காக அங்கன நின்னிருந்தா ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல தெவசம் வச்சிருப்பாக. இதச் சொல்லணும்னு எத்தன ஆளு விட்டேன். வந்தியாடி நீ?"

"நீ திட்டத்தான் கூப்புடுறன்னு நெனச்சேன்."

"இப்ப திட்டுறேன். வந்து உக்காரு."

பாண்டிலட்சுமி குழாய்களுக்கு நடுவே போய் உட்கார்ந்து, வெந்து சுருங்கிய அந்தக் கால்கள் இரண்டையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கட்டுகளை ஒவ்வொன்றாக நானே தூக்கிப்போய் வண்டியில் அடுக்கினேன். பதினான்கு கட்டு. அடுக்கி முடித்து, வாசலுக்கு வந்து, "அக்கா, நேரமாச்சு" என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டேன். அன்றைக்கு லோடு ஆலைக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது.